ஃபில் டெய்லர் பெயரில் ஒரு டார்ட் செட்: ஓராண்டு எறிந்தபின் எழுதும் மதிப்புரை

புகழ்பெற்ற கிரிக்கெட் ஆட்டக்காரரின் கையொப்பத்தோடு வரும் மட்டையை வாங்குகிறவருக்கு, அந்த ஆட்டக்காரர் சந்தித்த பந்துவீச்சு ஒருநாளும் வாய்க்கப் போவதில்லை. எனவே குறை மட்டையிலா தம்மிடத்திலா என்பதைக் கடைசிவரை அறியாமலே அவர் காலத்தைக் கழித்துவிடலாம். வட்டமான போர்டை நோக்கிச் சிறு கூரிய டார்ட்டுகளைக் கையால் எறியும் டார்ட்ஸ் ஆட்டத்தில் அந்த வசதி கிடையாது. ஃபில் டெய்லர் 16 முறை உலகப் பட்டம் வென்றபோது எறிந்த தொலைவும், நான் எங்கள் வீட்டுக் கராஜில் எறிகிற தொலைவும் ஒன்றே: போர்டின் முகப்பிலிருந்து எறிகோட்டுக்கு 2.37 மீட்டர், தரையிலிருந்து புல்ஸ்ஐ என்னும் போர்டின் மையப்புள்ளியின் நடுவுக்கு 1.73 மீட்டர். எதிராளி குறுக்கே வர முடியாது, காற்று இல்லை, ஈரம், வெயில், தேய்ந்த ஆடுகளம் என்று எதையும் காரணம் காட்ட இயலாது. டெய்லரின் பெயர் பொறித்த டார்ட்டையே கையில் எடுத்துக்கொண்டுவிட்டால், அவருக்கும் நமக்கும் இடையில் மிஞ்சுவது என்னவென்று ஒளிவுமறைவின்றித் தெரிந்துவிடும். டார்கெட் நிறுவனத்தின் 'பவர் நைன் ஃபைவ்' வரிசையில் 26 கிராம் எடையுள்ள செட்டை நான் வாங்கியது, உண்மையைச் சொன்னால், அந்த மிச்சத்தைப் பார்க்கும் ஆசையால்தான்.

வாங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் விற்கும் ஒரு கடையிலிருந்து தருவித்தேன். அவர்கள் உறையைக் கட்டிய அலட்சியத்தால் மூன்று ஃபிளைட்டுகளில் இரண்டு நசுங்கி வந்தன. கடைக்கு எழுதியதில் வாரம் கழித்து மாற்று ஃபிளைட்டுகள் வந்து சேர்ந்தன. அதற்குள் கெட்டில் ஆவியில் காட்டி நிமிர்த்திய பழைய ஃபிளைட்டுகளே சரியாகிவிட்டிருந்தன. ஃபிளைட் என்பது டார்ட்டின் வாலில் இறகுபோல நிற்கும் நான்கு பிளாஸ்டிக் தகடுகள் கொண்ட பகுதி. சூடு பட்டால் அது தன் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும் என்பது இந்த ஆட்டத்தில் பழகியவர்களுக்குத் தெரிந்த சிறு வைத்தியம். டார்ட் செய்தவர்களுக்கும் அந்தத் தவறுக்கும் தொடர்பில்லை என்பதால் இதை மதிப்பீட்டில் சேர்க்கவில்லை.

செட்டின் மையம் அதன் பேரல், அதாவது விரல்கள் பற்றும் உலோக உடல். இதில் 95 சதவீதம் டங்ஸ்டன். செட்டின் பெயரிலுள்ள ஒன்பதும் ஐந்தும் அந்தக் கணக்கைத்தான் குறிக்கின்றன. டங்ஸ்டனின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19 கிராமுக்குச் சற்று மேல். பித்தளையின் அடர்த்தி அதில் பாதிகூட இல்லை. ஆகவே ஒரே நீளத்தில் ஒரே எடையுள்ள இரண்டு பேரல்களைச் செய்தால், பித்தளைப் பேரல் டங்ஸ்டன் பேரலைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பருமனாக இருக்கும். இது ஏதோ அழகுக்காகச் செய்யும் காரியமன்று. 20-ஐ மும்மடங்காக்கி 60 தரும் டிரெபிள் 20 என்னும் கட்டத்தின் உயரம் 8 மில்லிமீட்டர், அகலம் சுமார் 32 மில்லிமீட்டர். கட்டைவிரல் நகத்தைக் குறுக்கே இரண்டாக வைத்தால் மூடிவிடக்கூடிய இடம். ஒரே முறையில் 180 எடுக்க வேண்டுமானால் அந்த இடத்துக்குள் மூன்று டார்ட்டுகள் அடங்க வேண்டும். பருமனான பேரல் முதலில் போய் நின்றுகொண்டால், பேருந்துப் படியில் பெரிய மூட்டையோடு நிற்பவரைப் போல, பின்னால் வருவனவற்றுக்கு வழிவிடாது. 1970-களில் டங்ஸ்டன் பேரல்கள் பரவியபோது ஆட்டத்தின் எண்ணிக்கைகள் உயர்ந்ததற்கு இந்த மெலிவும் ஒரு பெரிய காரணம். நூறு சதவீதமும் டங்ஸ்டனால் ஏன் செய்வதில்லை என்று கேட்கலாம். தனி டங்ஸ்டன் எளிதில் நொறுங்கும், கடைவதும் கடினம் என்பதால் நிக்கல் போன்ற உலோகங்கள் பிணைப்புக்காகச் சேர்க்கப்படுகின்றன. சாதாரண 80 சதவீதப் பேரலுக்கும் இதற்கும் கைக்குத் தெரியும் வேறுபாடு உண்டு. ஆனால் 90-க்கும் 95-க்கும் இடையிலுள்ள வேறுபாட்டை என் விரல்கள் உணர்ந்ததாகச் சொன்னால் அது பொய்.

இப்போது பெட்டியின் மேல் பொறித்த பெயருக்கு வருவோம். விலையில் ஒரு பகுதியை நாம் அந்தப் பெயருக்காகத்தான் தருகிறோம். எனவே மதிப்புரையில் அதற்கும் இடம் வேண்டும்.

டெய்லர் 1960-இல் இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரில் பிறந்தவர். பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஊர் அது. சூளைகளை நம்பியே பல தலைமுறைகள் வாழ்ந்தன. டெய்லரும் கழிவறைக்கான பீங்கான் கைப்பிடிகள் செய்யும் வேலையில் வாரக் கூலிக்கு இருந்தவர்தான். மனைவி பிறந்தநாள் பரிசாக ஒரு டார்ட் செட் வாங்கிக் கொடுத்ததிலிருந்து அவர் ஒழுங்காக எறியத் தொடங்கினார் என்பது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. கடையில் வாங்கிய ஒரு செட்டில் தொடங்கிய வாழ்க்கை, கடைசியில் தன் பெயரையே ஒரு செட்டின் மேல் கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறது. பரிசளிக்கப்பட்ட அந்த டார்ட்டுகள் என்ன எடை, என்ன உலோகம் என்பதை யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும்.

அவர் வீட்டருகே பர்ஸ்லெம் பகுதியில் எரிக் பிரிஸ்டோ நடத்திய பப் ஒன்று இருந்தது. பிரிஸ்டோ 1980 முதல் 1986 வரை ஐந்து முறை உலகப் பட்டம் வென்றவர். அக்காலத்தில் டார்ட்ஸ் என்றாலே அவர் முகம்தான் பிரிட்டனில் நினைவுக்கு வரும். டெய்லரின் கையைப் பார்த்த பிரிஸ்டோ ஏறத்தாழ 10,000 பவுண்டு கொடுத்து, வேலையை விட்டுவிட்டு ஆட்டத்தில் இறங்கச் சொன்னார். கொடுத்தது நன்கொடையன்று, கடன். திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அந்த ஒரு நிபந்தனை, எத்தனை கிராம் டங்ஸ்டனாலும் கொடுக்க முடியாத எதையோ டெய்லரின் கையில் ஏற்றியது என்று நான் நினைக்கிறேன். 1988-இல் கனடா ஓப்பனை வென்றார். 1990 ஜனவரியில் லேக்சைடில் நடந்த உலகப் போட்டிக்கு அவர் தரவரிசை இல்லாதவராகவே வந்தார். பந்தயக்காரர்கள் அவருக்கு ஒன்றுக்கு 125 என்று விலை வைத்திருந்தார்கள். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர் கடன் கொடுத்த பிரிஸ்டோவே. டெய்லர் 6-1 என்று வென்றார்.

பிரிஸ்டோவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1986-87 வாக்கில் அவருக்கு டார்ட்டைடிஸ் என்று ஆட்டக்காரர்கள் அஞ்சிப் பெயர் சொல்லும் சிக்கல் வந்தது. கை முன்னால் போகும். விரல்கள் டார்ட்டை விட மறுக்கும். தசைக்கு ஒன்றும் ஆகியிருக்காது, கண்ணுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. கருவியை மாற்றினால் ஆட்டம் மாறும் என்று நம்பும் நம்மைப் போன்றவர்கள், புதிய செட்டுக்குப் பணம் கட்டும் முன் பிரிஸ்டோவை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

அதன்பின் நடந்தவை பட்டியல் போடத் தக்கவை என்றாலும் விரைந்து கடந்துவிடுகிறேன். 1993-இல் முன்னணி ஆட்டக்காரர்கள் பழைய அமைப்பிலிருந்து பிரிந்து தனி அமைப்பு கண்டார்கள், பின்னாளில் பி.டி.சி. என்று பெயர் பெற்றது அதுவே. அதன் முதல் உலகப் போட்டியின் இறுதியில், 1994-இல், டெய்லர் டென்னிஸ் பிரீஸ்ட்லியிடம் 6-1 என்று தோற்றார். அடுத்து 1995 முதல் 2002 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அவரே வென்றார். 2003-இல் ஜான் பார்ட் 7-6 என்ற கணக்கில் அந்தத் தொடரை அறுத்தார். 2007-இல் ரேமண்ட் வான் பார்னவெல்டிடம் கடைசி லெக் வரை, அதாவது 501-இலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும் கடைசிச் சுற்று வரை, போய்த் தோற்ற ஆட்டத்தை, இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த இறுதிப் போட்டி என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். 16-ஆவது பட்டம் 2013-இல் கிடைத்தது. 2001-இல் பாலியல் அத்துமீறல் வழக்கொன்றில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது; அவருக்கு அறிவிக்கப்பட்டிருந்த எம்.பி.இ. என்னும் பிரிட்டிஷ் அரசுச் சிறப்பும் பறிபோனது. பெயருக்கு விலை கொடுக்கிறவர் அந்தப் பெயரின் முழுக் கணக்கையும் தெரிந்துகொண்டு கொடுப்பதே முறை.

எறிந்து பார்த்த அனுபவத்துக்கு வருகிறேன். முதல் வாரம் என் டார்ட்டுகள் அனைத்தும் கீழே இறங்கின. நான் பல ஆண்டுகளாக 23 கிராமில் பழகியவன். மூன்று கிராம்தானே என்று நினைத்தது தவறு. பழகிய வேகத்தில் கை வீச, டார்ட் 20-க்கு அடியில் ஒற்றைக் கட்டத்தில் போய் நின்றது. கை இயல்பாகவே வேகத்தைக் கூட்டப் பார்த்தது. வேகம் கூடியதும் பக்கவாட்டில் சிதறியது. மூன்றாம் வாரத்தில்தான், பளுவான டார்ட்டுக்கு வேகம் அல்ல, சற்று உயர்ந்த வளைவும் தாமதமான விடுப்பும் வேண்டும் என்பது பிடிபட்டது. அதைக் கண்டுகொண்டபின் கிடைத்த பலன் மறுக்க முடியாதது. 26 கிராம் டார்ட், கையின் சிறு நடுக்கத்தைப் பொருட்படுத்தாமல் நேர்கோட்டில் போகிறது. 22 கிராம் ஆட்டக்காரர்களின் டார்ட் வழியில் ஆடிக்கொண்டு போவதைப் பார்த்தால் இந்த அமைதி நன்றாகத் தெரியும். பேரலின் மேல் வெட்டியிருக்கும் பிடிமானக் கீறல்கள் விரலைக் கிழிக்கும் அளவுக்குக் கூர்மையானவை அல்ல. வழுக்கும் அளவுக்கு மழுங்கியவையும் அல்ல. ஓராண்டில் அவை சற்றே தேய்ந்திருக்கின்றன, அவ்வளவே. வியர்க்கும் கை உள்ளவர்களுக்கு இன்னும் முரடான பிடிமானம் தேவைப்படலாம். பேரலையும் ஃபிளைட்டையும் இணைக்கும் தண்டான ஸ்டெம் ஒவ்வொரு பத்து எறிதலுக்கும் சற்றுக் கழன்றுகொண்டேதான் இருக்கிறது. இது எல்லாச் செட்டுகளுக்கும் பொதுவான தொல்லை, மூன்று டார்ட்டையும் எடுத்துவரும்போது விரலால் முறுக்கிக்கொண்டே வருவது இந்த ஆட்டத்தின் அனிச்சைச் செயலாகிவிட்டது.

போர்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல போர்டு சிசல் என்னும் கற்றாழை நாரை நெருக்கிக் கட்டிச் செய்யப்படுவது. முனை நார்களுக்கு இடையில் புகுந்து, எடுத்ததும் நார்கள் மறுபடி கூடிக்கொள்ளும். பளுவான டார்ட் இந்த நாரில் ஆழமாக இறங்குவதால், கம்பியில் பட்டுத் தெறித்துக் கீழே விழுவது எனக்குக் குறைந்தது. காகிதத்தைச் சுருட்டிச் செய்த மலிவுப் போர்டில் இந்தச் செட்டை எறிவது, பட்டுச் சேலையைக் கல்லில் அடித்துத் துவைப்பதற்குச் சமம். இந்தச் செட்டின் விலை ஒரு தரமான சிசல் போர்டின் விலையைத் தாண்டிவிடுகிறது. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்ற நிலையில் இருப்பவர் தயங்காமல் போர்டை வாங்க வேண்டும்.

டிரெபிள் 20-ஐக் குறிவைப்பவர்களுக்கு 26 என்ற எண் வேறொரு விதத்திலும் பழக்கமானது. 20-க்கு இரு பக்கமும் 5-உம் 1-உம் காவல் நிற்கின்றன. பிசகிய மூன்று டார்ட்டுகள் 20, 5, 1 என்று விழுந்தால் கூட்டுத்தொகை 26. பிரிட்டனில் இதைப் 'பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்' என்று கேலியாகச் சொல்வார்கள். ஒருகாலத்தில் விடுதியில் ஓர் இரவுத் தங்கலுக்கும் காலை உணவுக்கும் இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ் கட்டணம் இருந்ததன் நினைவு அது. இந்த 26 கிராம் செட்டைக் கொண்டு நான் எடுத்த 26-களின் எண்ணிக்கையை இங்கே வெளியிட விரும்பவில்லை. டெய்லரின் வழி வேறு. முதல் டார்ட் டிரெபிள் 20-ஐ மறைத்துக்கொண்டு நின்றால், அவர் முரண்டு பிடிக்காமல் டிரெபிள் 19-க்கு இறங்கிவிடுவார். 60-க்குப் பதில் 57. மூன்று எண் இழப்பு, ஆனால் திறந்த வாசல். உடலைத் திருப்பாமல், கால் இடத்தை மாற்றாமல், போர்டின் உச்சியிலிருந்து அடிக்குப் பார்வையை மட்டும் மாற்றி அதே கட்டளையோடு எறிவதற்கு வேண்டிய பழக்கம் எத்தனை ஆயிரம் மணி நேரத்தில் வருமோ தெரியாது. செட்டோடு அது வரவில்லை.

இந்த ஆட்டத்தில் எண்ணிக்கை குவிப்பது ஒரு வேலை, முடிப்பது இன்னொரு வேலை. எடுத்த எண்ணிக்கையைக் கழித்துக்கொண்டே 501-இலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கி வந்து, கடைசி டார்ட்டை வெளிவளையத்திலுள்ள டபுளில், அதாவது எண்ணை இருமடங்காக்கும் கட்டத்தில், போட்டாக வேண்டும். அந்த வளையமும் 8 மில்லிமீட்டர்தான். 1992 உலகப் போட்டியின் இறுதியில் மைக் கிரெகரிக்குப் பட்டத்தை வெல்ல ஆறு டார்ட்டுகள் கிடைத்தன. ஆறும் டபுளைத் தவறின. டெய்லர் 6-5 என்று வென்றார். அந்த ஆறில் ஒன்று விழுந்திருந்தால் இந்தப் பெட்டியின் மேல் யார் பெயர் இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பளுவான டார்ட்டின் குறையை நான் உணர்ந்ததும் டபுளில்தான். மேலே இருக்கும் டபுள் 20-க்கு எறிகையில் அது உதவுகிறது. பக்கவாட்டில் இருக்கும் டபுள் 16-க்கோ டபுள் 8-க்கோ குறிவைக்கும்போது, உயரத்தில் சிறிது பிசகினாலும் 7-க்கோ 11-க்கோ போய்விடுகிறது. அந்த வட்டாரம் வேண்டாம் என்று ஒதுங்கவும் முடியாது. 32 மிச்சம் வைத்துக்கொள்வதை எல்லா ஆட்டக்காரர்களும் விரும்புவார்கள். டபுள் 16 தவறி ஒற்றை 16-இல் விழுந்தால் டபுள் 8, அதுவும் ஒற்றையானால் டபுள் 4 என்று பாதி பாதியாகக் குறைந்துகொண்டே வாய்ப்பு தொடரும். அங்கே 23 கிராம் எனக்கு இன்னும் நம்பிக்கையளிக்கிறது.

கடைசியாக, நம்பகத்தன்மை பற்றிய கேள்வி ஒன்று. 'டெய்லர் எறிந்த டார்ட்' என்று நினைத்து வாங்குகிறவர்கள், அவர் வென்ற பட்டங்களில் பெரும்பாலானவை இந்த வரிசை சந்தைக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிட்டன என்பதை அறிந்திருக்க வேண்டும். நீண்ட காலம் யூனிகார்ன் நிறுவனத்தோடு இருந்தவர், ஆட்டக்காலத்தின் கடைசிக் கட்டத்தில்தான் டார்கெட்டுக்கு மாறினார். 2010 பிரீமியர் லீக் டார்ட்ஸ் இறுதியில் ஜேம்ஸ் வேடுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை ஒன்பது டார்ட்டில் 501-ஐ முடித்த அதிசயம் வேறு டார்ட்டுகளின் கணக்கு. ஆனால் 2017-இல், 56 வயதில், பிளாக்பூலில் பீட்டர் ரைட்டை 18-8 என்று வென்று 16-ஆவது முறையாக வேர்ல்ட் மேட்ச்பிளே கோப்பையை எடுத்தது டார்கெட் காலத்தில். 2018 ஜனவரி 1 அன்று அலெக்ஸாண்ட்ரா பேலஸில் அவர் ஆடிய கடைசி உலக இறுதியும் அப்படியே. எதிரே நின்ற ராப் கிராஸ் மின்பணியாளராக இருந்து வந்தவர், முதன்முறையாக உலகப் போட்டியில் ஆடியவர். 7-2 என்று வென்றார். அந்தத் தோல்விக்கு நடுவிலும் டெய்லர் ஒரு லெக்கில் எட்டு டார்ட்டுகளைப் பிசகின்றிப் போட்டார். 180, மறுபடி 180, பிறகு டிரெபிள் 20, டிரெபிள் 19. மிச்சம் டபுள் 12. ஒன்பதாவது டார்ட் தவறியது.

யார் வாங்கலாம் என்று கேட்டால்: 24 கிராமுக்கு மேல் ஏற்கெனவே எறிகிறவர்கள், நிதானமாக வளைத்து எறியும் கை உள்ளவர்கள் யோசிக்காமல் வாங்கலாம், ஓராண்டில் முனை வளையவில்லை, பேரலில் ஒரு கீறல் கூடுதலாக விழவில்லை. வேகமாகக் குத்தி எறிகிறவர்களும் புதிதாகத் தொடங்குகிறவர்களும் முதலில் நண்பர் ஒருவரின் 26 கிராமை ஒரு மாலை கடன் வாங்கி எறிந்து பார்க்கட்டும். நான் இப்போது பயிற்சிக்கு இதையும், பப்பில் நண்பர்களோடு ஆடப் பழைய 23-ஐயும் வைத்திருக்கிறேன். பயிற்சியை எப்போதும் டபுள் 12-இல் முடிக்கிறேன். நேற்று அது விழ பதினான்கு டார்ட்டுகள் ஆயின.